வில்லேஜ் பீப்பிளின் ‘லைவ் அண்ட் ஸ்லீசி’: ஒரு டிஸ்கோ கச்சேரிப் பதிவு ஏன் இன்னும் அலுக்கவில்லை?

2025 ஜனவரி 19 அன்று வாஷிங்டனில் டொனால்ட் டிரம்பின் வெற்றிப் பேரணி மேடையில் ‘வில்லேஜ் பீப்பிள்’ குழு ஏறி ‘ஒய்.எம்.சி.ஏ.’ பாடியது. பார்த்த பலருக்குத் தலை சுற்றியது. தன்பாலீர்ப்பாளர்களின் கொண்டாட்டப் பாட்டு என்று நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பெயர் வாங்கியது பழமைவாதிகளின் மேடையில் எப்படி ஒலிக்கிறது? இதே பாட்டைத் தன் கூட்டங்களில் போட வேண்டாம் என்று 2020இல் டிரம்பைக் கேட்டுக்கொண்டவர் குழுவின் முதன்மைப் பாடகர் விக்டர் வில்லிஸ். அவரே எப்படி அங்கே வந்து பாடினார்?

அரசியலை மட்டும் வைத்து இதை விளக்கிவிட முடியாது. இந்தக் குழுவின் பாட்டுகள் ஆரம்பத்திலிருந்தே எதிரெதிர்க் கூட்டங்களை ஒரே மெட்டில் ஆட வைத்தவை. அதைக் காதால் கேட்டே புரிந்துகொள்ள ஒரு பதிவு இருக்கிறது: 1979இல் வெளிவந்த ‘லைவ் அண்ட் ஸ்லீசி’ என்ற இரட்டை எல்பி, அதாவது இரண்டு இசைத்தட்டுகள் கொண்ட ஆல்பம். ஒரு தட்டு முழுக்க மேடைக் கச்சேரி, மற்றது ஸ்டுடியோவில் புதிதாகப் பதிந்த பாட்டுகள். பெரிய விமர்சகர்களின் ‘கேட்டே ஆக வேண்டிய’ பட்டியல்களில் இதைத் தேடினால் கிடைக்காது. ஆனாலும் போட்டால் அலுப்பதில்லை.

யார் இந்தக் குழு?

1970களின் நடுவில் பிரான்ஸிலிருந்து அமெரிக்கா வந்த இரண்டு தயாரிப்பாளர்கள்தான் தொடக்கம்: இசையமைப்பாளர் ஜாக் மொராலி, அவருடைய தொழில் கூட்டாளி ஹென்றி பெலோலோ. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கூடம் ஒன்றில், பழங்குடியினர் உடையும் காலில் சலங்கையுமாக ஆடிய ஃபெலிப்பே ரோஸ் என்ற இளைஞரை மொராலி பார்த்தார். அமெரிக்க ஆண்மையின் வார்ப்புகள் என்று சினிமாவும் விளம்பரமும் காட்டும் ஆட்களை ஒரே மேடையில் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. குழுவின் பெயரில் உள்ள ‘வில்லேஜ்’ அந்தப் பகுதிதான். கிராமத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.

1977இல் முதல் எல்பி வந்தபோது குழு என்று ஒன்றே கிடையாது. வில்லிஸ் என்ற ஒரு பாடகர், கூலிக்கு வாசித்த இசைக்கலைஞர்கள், அட்டைப்படத்துக்கு நிற்க மாடல்கள், அவ்வளவுதான். தட்டு ஓட ஆரம்பித்து, மேடைக்கு வா என்று அழைப்பு வந்த பிறகுதான் அவசரமாக ஆள் தேடி விளம்பரம் கொடுத்தார்கள். ஆட்டம் தெரிய வேண்டும், மீசை வேண்டும் என்பது நிபந்தனை. கடைசியில் நிலைத்தவர்கள்: போலீஸ்காரராக வில்லிஸ், பழங்குடி வீரராக ரோஸ், கௌபாயாக ராண்டி ஜோன்ஸ், கட்டுமானத் தொழிலாளியாக டேவிட் ஹோடோ, ராணுவ வீரராகவும் மாலுமியாகவும் அலெக்ஸ் பிரைலி, தோல் உடை பைக்கராக க்ளென் ஹியூஸ். ஹியூஸ் அதற்கு முன்பு புரூக்ளின் சுரங்கப்பாதை ஒன்றில் சுங்கம் வசூலித்துக்கொண்டிருந்தவர். 2001இல் இறந்தபோது அந்தத் தோல் உடையோடுதான் அவரைப் புதைத்தார்கள்.

‘கேம்ப்’ என்றால் என்ன?

வேண்டுமென்றே மிகைப்படுத்திய அலங்காரம், சிரிப்பையும் பிரியத்தையும் ஒன்றாகக் கலந்த நடிப்பு, மட்டமான ரசனையைக்கூட ரசித்து அனுபவிக்கும் மனநிலை ஆகியவற்றைச் சேர்த்து ‘கேம்ப்’ என்கிறார்கள். இந்தக் குழுவின் பாணி அதுதான். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது விமர்சன உலகில் புழக்கத்துக்கு வந்தது; அதற்கு வெகு முன்பே தன்பாலீர்ப்பாளர்களின் பேச்சில் இருந்ததுதான்.

பகடி செய்பவர் தான் கேலி செய்யும் பொருளுக்கு வெளியே நின்று கை காட்டுவார். கேம்ப் உள்ளே புகுந்து, அதன் உடையையே போட்டுக்கொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஆடும். 1970களில் நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் தன்பாலீர்ப்பாளர் இளைஞர்கள் பலர் மீசை, ஜீன்ஸ், தொழிலாளர் பூட்ஸ் என்று ‘அசல் ஆம்பிளை’ கோலத்தில்தான் திரிந்தார்கள். அதைத் தெரிந்தவர்களுக்கு வில்லேஜ் பீப்பிள் ஒரு கண்சிமிட்டல். தெரியாத குடும்பங்களுக்கோ பள்ளி ஆண்டுவிழா மாறுவேடப் போட்டி மாதிரி ஒரு ஜாலி. இருவருமே ஏமாந்தவர்கள் இல்லை.

(பழங்குடியினர் உடையை இப்படி அலங்காரமாக்குவதை இன்று அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பது சரிதான். ரோஸ் தானும் பழங்குடி வம்சாவளியினர் என்பதால் விவாதம் கொஞ்சம் சிக்கலாகிறது, தீர்ந்துவிடவில்லை.)

டிஸ்கோவை மேடையில் பதிவது ஏன் விசித்திரம்?

ராக் இசையில் நேரடி ஆல்பம் என்பது கௌரவம். 1975இல் கிஸ் குழுவின் ‘அலைவ்!’, 1976இல் பீட்டர் ஃப்ராம்ப்டனின் ‘ஃப்ராம்ப்டன் கம்ஸ் அலைவ்!’ இரண்டும் பேயாக விற்றன. டிஸ்கோவின் கதை வேறு.

1. டிஸ்கோ ஸ்டுடியோவில் பிறந்தது. ஒவ்வொரு அடிக்கும் பேஸ் டிரம், இடைவெளியில் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டு, தாவித்தாவி ஓடும் பேஸ் கிட்டார், மேலே வயலின் கூட்டமும் ஊதுகுழல்களும். எல்லாவற்றையும் தனித்தனி டிராக்கில் பதிந்து, அடுக்கி, மெருகேற்றியே அந்தப் பளபளப்பைக் கொண்டுவந்தார்கள்.

2. டிஸ்கோ கிளப்பில் தட்டுதான் கச்சேரி. டாம் மோல்டன் போன்ற ஒலிக்கலவையாளர்கள் பாட்டுகளை நீட்டி, ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் கோத்துக் கொடுத்தார்கள். ராத்திரியின் நாயகர் டிஜேதான். பாடகர் நேரில் வந்தாலும் ஓடுகிற டேப்புக்கு மேல் பாடிவிட்டுப் போவது சகஜம்.

3. ஆடுபவருக்குப் பாட்டு நடுவில் நிற்கக் கூடாது. கைத்தட்டலும் பேச்சும் தாளத்தை அறுக்கும். டிஸ்கோ ரசிகர் இதற்காகத் தனியாக ஒரு எல்பி வாங்க என்ன அவசியம்?

விடை வியாபாரத்தில் இருக்கிறது. வில்லேஜ் பீப்பிள் பாட்டுகளை வெளியிட்ட காசாபிளாங்கா ரெக்கார்ட்ஸ்தான் கிஸ் குழுவின் கம்பெனியும். தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனியை ‘அலைவ்!’ தூக்கி நிறுத்தியதை அதன் அதிபர் நீல் போகார்ட் மறந்திருக்க மாட்டார். 1978இல் அதே சூத்திரத்தை டிஸ்கோவின் மகாராணி டோனா சம்மரிடம் போட்டுப் பார்த்தார்கள்: ‘லைவ் அண்ட் மோர்’, நான்கு பக்கங்களில் மூன்று மேடை, ஒன்று ஸ்டுடியோ. அமெரிக்காவில் அது முதலிடத்துக்குப் போனது. அடுத்த வருடம் ‘லைவ் அண்ட் ஸ்லீசி’. ஏற்பாடு மட்டுமல்ல, தலைப்பின் அமைப்புகூட அதே அச்சு.

அப்படியிருந்தும் எப்படி வேலை செய்தது?

மேடைத் தட்டில் அதற்குமுன் ஹிட்டான ‘மேச்சோ மேன்’, ‘இன் த நேவி’, ‘ஒய்.எம்.சி.ஏ.’ எல்லாம் இருக்கின்றன. வழக்கமான ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்பு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். மேடையில் வேறு விதமாகத் தெரியும் விஷயங்கள் மூன்று.

முதலாவது, குரல். வில்லிஸ் பாப்டிஸ்ட் போதகரின் மகன். அப்பாவின் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர், பிறகு பிராட்வேயில் ‘த விஸ்’ இசை நாடகத்தில் நடித்தவர். ஸ்டுடியோ பதிவுகளில் வயலினும் கோரஸும் சூழ்ந்திருப்பதால் அந்தக் குரலின் கனம் பாதிதான் தெரியும். மேடையில் அந்தப் பஞ்சுமெத்தை கிடையாது. சபையைக் கிளப்பிவிடும் போதகரின் உத்தி அப்படியே வருகிறது: ஒரு வரியை வீசுவது, கூட்டத்தின் பதிலுக்குக் காத்திருப்பது, அடுத்ததை இன்னும் கொஞ்சம் தூக்கி வீசுவது. போலீஸ் உடையில் நின்று இதை அவர் துளியும் கிண்டல் இல்லாமல் செய்கிறார். இந்தக் குழுவின் நகைச்சுவை நிற்பதே இதன்மேல்தான். பாடுபவரே சிரித்துவிட்டால் மாறுவேடம் மட்டும் மிஞ்சும். அதை ஒரு தடவைக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். வேடிக்கைப் பாட்டுகள் பெரும்பாலும் சீக்கிரம் செத்துப்போவதற்கும் இவை சாகாததற்கும் நான் முதல் காரணமாகச் சொல்வது வில்லிஸின் தொண்டையைத்தான். மீசைகள் எல்லாம் அப்புறம்.

இரண்டாவது, வாத்தியக் குழு. பின்னால் வாசித்த ‘ஜிப்சி லேன்’, தாளத்தை முன்னிறுத்தும் ‘ஃபங்க்’ இசையில் ஒரு நல்ல குழு. ஸ்டுடியோவின் மெருகு குறையக் குறைய, டிரம்ஸும் பேஸும் முன்னுக்கு வருகின்றன. பாட்டுகள் கொஞ்சம் முரடாகின்றன, அதனாலேயே உயிரோடு இருக்கின்றன. டிஸ்கோவைத் திட்டியவர்கள் ‘மெஷின் இசை’ என்றார்கள். அதற்கு இந்த இரண்டு பக்கங்களையும்விட நல்ல மறுப்பு எளிதில் கிடைக்காது.

மூன்றாவது, கூட்டம். இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 2025இன் குழப்பத்துக்கும் விடை இங்கேதான் இருக்கிறது.

கூட்டத்துக்கு என்ன கேட்டது?

1977இன் முதல் எல்பி கிளப்புகளுக்கானது. சான் பிரான்சிஸ்கோ, ஹாலிவுட், ஃபயர் ஐலண்ட், கிரீனிச் வில்லேஜ் என்று அதன் பாட்டுகளே தன்பாலீர்ப்பாளர்களின் வரைபடம். 1979இல் நிலைமை வேறு. அரங்குகள் பெரிதாகிவிட்டன. பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் பழைய கிளப் ரசிகர்.

ஒய்.எம்.சி.ஏ. நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1844இல் லண்டனில் தொடங்கிய கிறிஸ்தவ இளைஞர் சங்கம். சென்னைக்காரர்களுக்கு நந்தனம் மைதானமும் புத்தகக் காட்சியும் நினைவுக்கு வரும். அமெரிக்க நகரங்களில் அது ஊருக்குப் புதிதாக வந்த இளைஞனுக்கு மலிவான அறை, நீச்சல்குளம், உடற்பயிற்சிக்கூடம். அதே கட்டடங்கள் தன்பாலீர்ப்பாளர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் இடங்களாகவும் இருந்தது ஊரறிந்த ரகசியம். பாட்டு இரண்டையும் பொய்யாக்கவில்லை. ‘மனம் தளராதே தம்பி, தங்க ஓர் இடம் இருக்கிறது’ என்ற அறிவுரைதான் அது. யார் கேட்கிறாரோ அவருக்கேற்ற அர்த்தம் தருகிறது.

‘இன் த நேவி’ கதை இதைவிட வேடிக்கை. அமெரிக்கக் கடற்படை உண்மையிலேயே அதை ஆள்சேர்ப்பு விளம்பரத்துக்குக் கேட்டது. பதிலுக்கு, சான் டியேகோவில் நின்ற யு.எஸ்.எஸ். ரீசனர் என்ற போர்க்கப்பலில் படம் பிடிக்க அனுமதித்தது. மக்கள் வரிப்பணத்தில் இதுவா என்று எதிர்ப்பு கிளம்பியதும் கடற்படை நழுவிக்கொண்டது. படம் மட்டும் தங்கிவிட்டது.

‘ஒய்.எம்.சி.ஏ.’வின் கை அசைவும் கூட்டத்தின் சொத்துதான். 1979 ஜனவரியில் ‘அமெரிக்கன் பேண்ட்ஸ்டேண்ட்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பார்வையாளர்கள் கைகளால் அந்த நான்கு எழுத்துகளையும் காட்டி ஆடினார்கள். நிகழ்ச்சியை நடத்திய டிக் கிளார்க் அதைக் குழுவுக்குச் சுட்டிக்காட்ட, குழு கூட்டத்திடமிருந்து கற்றுக்கொண்டது. எல்பியில் கை தெரியாது என்பது உண்மை. ஆனால் அந்தக் கோரஸ் வரும்போது கேட்பவர் கை சும்மா இருந்தால் ஆச்சரியம்.

ஆக, மேடைப் பதிவில் கேட்கும் ஆரவாரம் ஒரே அர்த்தத்துக்கு எழுந்த ஆரவாரம் அல்ல. ஒரே வரிக்குப் பத்து விதமாக மகிழ்ந்தவர்கள் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். பேஸ்பால் மைதானங்கள், கல்யாண வரவேற்புகள், தன்பாலீர்ப்பாளர்களின் பெருமிதப் பேரணிகள், கடைசியில் தேர்தல் கூட்டங்கள் என்று அந்தப் பாட்டு எல்லா இடத்திலும் நுழைய முடிந்தது இதனால்தான். 2024 டிசம்பரில் வில்லிஸ், அது தன்பாலீர்ப்பாளர்களுக்காக எழுதிய பாட்டு இல்லை என்று அழுத்தமாக மறுத்தார். வரிகளை எழுதியவர் அவர், சொல்ல உரிமை உண்டு. ஆனால் குழுவைக் கட்டமைத்த மொராலி வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர். உடை, மீசை, பெயர், பாட்டுக்கான இடங்கள் எல்லாம் அவர் தேர்வு. ஒருவர் எண்ணத்தை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

இரண்டாவது தட்டு: ஆள் மாறுகிறது, காலமும் மாறுகிறது

உறையிலிருந்து இரண்டாவது தட்டை எடுத்துப் போட்டால் வேறு குரல். குழுவே நடித்த ‘கான்ட் ஸ்டாப் த மியூசிக்’ படத்துக்கான வேலைகள் நடந்த சமயத்தில் வில்லிஸ் விலகிவிட்டார். அவர் இடத்துக்கு ரே சிம்ப்சன் வந்தார். ‘ஆஷ்ஃபோர்ட் அண்ட் சிம்ப்சன்’ என்ற பாடகர் இணையரில் வலரி சிம்ப்சனின் சகோதரர். நன்றாகப் பாடுபவர், குறை சொல்ல முடியாது. ஆனால் போதகர் போய் ஒரு நல்ல பாடகர் வந்திருக்கிறார். வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரிகிறது. தலைப்புப் பாடலான ‘ஸ்லீசி’யை ஹோடோ பாடுகிறார். அங்கே கேம்ப் மட்டும் இருக்கிறது, பாரம் இல்லை.

வெளியே நிலவரமும் மோசம். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கமிஸ்கி பார்க் மைதானத்தில், வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் தலைமையில் ‘டிஸ்கோ ஒழிப்பு இரவு’ நடந்தது. டிஸ்கோ தட்டு ஒன்றும் 98 சென்ட்டும் கொடுத்தால் உள்ளே போகலாம். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டம் கைவிடப்பட்டது. ராக் ரசிகர்களின் குறும்பு என்று அன்று சொன்னார்கள். கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் தன்பாலீர்ப்பாளர்களும் வளர்த்த இசைமீது இருந்த வெறுப்பும் அதில் கலந்திருந்தது என்று பல வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். எனக்கும் அது மறுக்க முடியாததாகவே படுகிறது. ஆகஸ்ட் கடைசியில் ‘மை ஷரோனா’ என்ற கிட்டார் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது.

இந்தச் சூழலில் ‘ரெடி ஃபார் த எய்ட்டீஸ்’ என்று உற்சாகமாக ஒரு பாட்டு வெளியிட்டார்கள். எண்பதுகள் அவர்களுக்குத் தயாராக இல்லை. 1980இல் வந்த ‘கான்ட் ஸ்டாப் த மியூசிக்’ படம் படுதோல்வி. முதல் ‘கோல்டன் ராஸ்பெரி’ விழாவில் மிக மோசமான படம் என்ற பட்டம் வாங்கியது. (ஆஸ்திரேலியாவில் மட்டும் ஓடியது. ஏன் என்று யாராவது தனிக் கட்டுரை எழுதலாம்.) மொராலி 1991இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தப் பாட்டின் உற்சாகம் காதில் வேறு மாதிரி விழும்.

உண்மையிலேயே ‘நேரடி’தானா?

நியாயமான கேள்வி. அந்தக் காலத்து மேடை ஆல்பங்கள் பலவற்றில் ஸ்டுடியோவில் ஒட்டுப்போட்ட இடங்கள் உண்டு, ‘அலைவ்!’ ஆல்பத்திலேயே பிறகு திருத்திப் பதிந்த பகுதிகள் இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே எந்த மேடைத் தட்டையும் சத்தியப் பிரமாணப் பத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாடல்களை நிறுத்தி அட்டைப்படம் எடுத்துவிட்டுப் பிறகு குழுவைச் சேர்த்தவர்களின் ஆல்பத்தில் ‘அசல் எது’ என்று தோண்டுவது வீண் வேலையும்கூட.

பணம் யாருக்கு?

டிரம்ப் மேடை விவகாரத்தில் பலர் கவனிக்காத பக்கம் இது. 1976இல் இயற்றி 1978இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம், படைப்பாளி எழுதிக்கொடுத்த உரிமையை 35 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பப் பெற வழி செய்கிறது. அதை முதலில் பயன்படுத்திப் பார்த்த பிரபலங்களில் ஒருவர் வில்லிஸ்.

1. கூட்டாக எழுதியவர்களில் ஒருவர் மட்டும் தன் பங்கைத் திரும்பக் கேட்க முடியுமா என்பது முதல் சண்டை. முடியும் என்று 2012இல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது.

2. பங்கு எவ்வளவு என்பது அடுத்தது. 24 பாட்டுகளில் 13க்கு பெலோலோ உண்மையில் எழுத்தாளர் இல்லை என்று 2015இல் ஜூரி முடிவு செய்தது. அந்தப் பாட்டுகளில் வில்லிஸின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து பாதியானது. ‘ஒய்.எம்.சி.ஏ.’வும் அவற்றில் ஒன்று.

3. இந்தத் தீர்ப்புகள் பாடல் என்ற படைப்பைப் பற்றியவை. ஒலிப்பதிவின் உரிமை தனி. ஆனாலும் எந்தப் பதிவு ஒலித்தாலும், ஸ்டுடியோவோ மேடையோ, எழுதியவருக்குரிய பங்கு வில்லிஸுக்கும் வருகிறது.

பிறகு 2017இல் குழுவின் பெயரைப் பயன்படுத்தும் உரிமமும் வில்லிஸ் வசம் வந்தது. இன்று அந்தப் பெயரில் மேடையேறுவது அவருடைய அணி. பழைய குழுவில் இருந்த மற்றவர்கள் அதில் இல்லை. ஆகவே ஜனவரி 2025இல் யார், எங்கே பாடலாம் என்ற முடிவு பழைய குழுவின் கூட்டு முடிவாக இருக்க வாய்ப்பே இல்லை.

எங்கே தொடங்கலாம்?

புதிதாகக் கேட்பவர்கள் ஸ்டுடியோ ‘ஒய்.எம்.சி.ஏ.’வை ஒரு தடவை கேட்டுவிட்டு உடனே மேடை வடிவத்துக்குப் போவது நல்லது. குரலும் தாளமும் எப்படி மாறுகின்றன என்பது அப்போதுதான் பிடிபடும். பிறகு மேடைத் தட்டை முழுதாக ஓடவிடலாம். இரண்டாவது தட்டில் ‘ரெடி ஃபார் த எய்ட்டீஸ்’ போதும். ‘சேவ் மீ’ பாட்டு ஒரு முறை மெதுவாகவும் ஒரு முறை வேகமாகவும் வருகிறது; வேகமான வடிவம் தேவலாம், மெதுவானதைத் தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை.